எத்தனை சோறு பதம்?

அப்பா திண்டுக்கல்லில் ஒரு சின்ன மெஸ் வைத்திருந்தார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். மாஸ்டர் ஒருவர், சப்ளை செய்ய ஒருவர், பாத்திரம் கழுவ ஒரு அண்ணன், மாவாட்டவும் காய் நறுக்கவும் வரும் ஒரு அக்கா. ஆக நாலு பேருக்குச் சம்பளம். நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். ஓட்டல்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்திப் புது அரசாணை வந்திருக்கிறது, பதிவேட்டில் அதன்படி இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

அதே வாரம் வகுப்பில் எங்களுக்கு அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். பொருளாதாரம் படித்த எல்லோருக்கும் தெரிந்த படம். கீழ்நோக்கி இறங்கும் ஒரு தேவைக் கோடு, மேல்நோக்கி ஏறும் ஓர் அளிப்புக் கோடு, இரண்டும் வெட்டும் இடத்துக்கு மேலே கிடைமட்டமாக ஒரு கோடு. அந்தக் கிடைமட்டக் கோடுதான் குறைந்தபட்ச ஊதியம். அது இரண்டு கோடுகளையும் தொடும் இடங்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் வேலையிழப்பு. பத்து மார்க் கேள்வி. ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டால் எட்டு நிச்சயம்.

நான் அன்றிரவு அப்பாவிடம், “சம்பளத்த ஏத்துனா ஒரு ஆள நிறுத்தணும்ப்பா, புக்லயே இருக்கு” என்றேன். அப்பா சிரித்தார். “நாலு பேர் பாக்குற வேலைய மூணு பேர் பாப்பானா? உன் புக்கு எழுதுனவன் கட நடத்திருக்கானா?” என்றார். யாரையும் நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து வடை கொஞ்சம் சின்னதானது. சாப்பாடு விலை மூன்று ரூபாய் ஏறியது. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வடைக் கதையை அதன்பிறகு பல வருஷம் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். நண்பர்களோடு விவாதம் வரும்போதெல்லாம் கைவசம் இருக்கும் துருப்புச் சீட்டு அது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே அடுப்பு. அப்போதுதான் ஒரு சோறு போதும். உலகம் ஒரே பானை இல்லையே? எடுத்துக் காட்டும் பருக்கையை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் முக்கியம் இல்லையா? பொருளாதாரத் துறை இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது.

1

அமெரிக்காவில் நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியம் 1938-இல் வந்தது. மணிக்கு 25 சென்ட். ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டம். இதன் விளைவு என்ன என்ற சண்டை 1946-இலேயே சூடுபிடித்துவிட்டது. அந்த வருஷம் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ரிச்சர்ட் லெஸ்டர் எழுதியது. அவர் தொழிற்சாலை நிர்வாகிகளிடமே போய்க் கேட்டார்: எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று எதை வைத்து முடிவுசெய்கிறீர்கள்? சரக்கு எவ்வளவு விற்கிறது என்பதைப் பார்த்துத்தான் என்றார்கள் பெரும்பாலோர். கூலி இரண்டாம்பட்சம். கிட்டத்தட்ட எங்கள் அப்பா சொன்ன பதில்.

இன்னொன்று ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதியது. குறைந்தபட்ச ஊதியம் ஏழைகளுக்கு உதவாது, அவர்களில் பலரது வேலையைப் பறிக்கும் என்றார். ஒரு விதிவிலக்கை அவரே ஒப்புக்கொண்டார். ஊரில் ஒரே ஒரு முதலாளிதான், கூலியை நிர்ணயிக்கும் பலம் அவர் கையில்தான் என்றால், திறமையாக வைக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் வேலைவாய்ப்பைக் கூட்டவும்கூடும். ஆனால் நடைமுறையில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல என்று நகர்ந்துவிட்டார். பாடநூல்களில் ஸ்டிக்லர் ஜெயித்தார். லெஸ்டரைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள்.

1977-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. அதில் பணியாற்றிய சார்லஸ் பிரவுன், கர்டிஸ் கில்ராய், ஆண்ட்ரூ கோஹன் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1982-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். குறைந்தபட்ச ஊதியம் 10 சதவீதம் ஏறினால் பதின்ம வயதினரின் வேலைவாய்ப்பு 1 முதல் 3 சதவீதம் வரை குறையும் என்பது அவர்களின் சாரம். அதன்பின் அந்த 1, 3 என்ற எண்கள் வேதவாக்கு ஆயின. அதற்குச் சற்று முன், எழுபதுகளின் கடைசியில், அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. குறைந்தபட்ச ஊதியம் இளைஞர்கள், திறன் குறைந்தவர்கள் இடையே வேலையின்மையைக் கூட்டும் என்பதைச் சுமார் 90 சதவீதம் பேர் முழுதாகவோ சில நிபந்தனைகளோடோ ஏற்றார்கள். இரண்டு பொருளாதார அறிஞர்கள் சேர்ந்தால் மூன்று கருத்து வரும் என்று கேலி பேசப்படும் துறையில் 90 சதவீதம் என்பது சாதாரண விஷயமில்லை.

2

1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 4.25 அப்படியே இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் இருவரும் இதில் ஓர் இயற்கைப் பரிசோதனையைப் பார்த்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி பர்கர் கடைகள். ஒரே மாதிரிப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கூலி ஏறுகிறது. பர்கர் கிங், கே.எஃப்.சி., வெண்டிஸ், ராய் ராஜர்ஸ் கடைகள் 410-ஐத் தேர்ந்தெடுத்து, சம்பளம் ஏறுவதற்கு முன் ஒருமுறை, ஏழெட்டு மாதம் கழித்து ஒருமுறை விசாரித்தார்கள். இரண்டாவது சுற்றில் போனில் பிடிபடாத கடைகளுக்கு நேரில் ஆள் அனுப்பினார்கள்.

முடிவு இதுதான். பகுதிநேர ஆட்களைப் பாதியாகக் கணக்கிட்டுப் பார்த்தால், நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரியாக 20.4 ஆட்கள் இருந்தது 21.0 ஆனது. கூலி ஏறாத பென்சில்வேனியாவில் 23.3 ஆக இருந்தது 21.2 ஆகக் குறைந்தது. வேலை போகவில்லை, ஒப்பிட்டால் கூடியே இருந்தது. நியூ ஜெர்சியில் சாப்பாட்டு விலை மட்டும் சுமார் 4 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்பாவின் வடைதான் ஞாபகம் வந்தது. நானூற்றுப் பத்து கடைகளில் அதே வடை.

1994-இல் கட்டுரை வெளியானது. அடுத்து நடந்தது ஒரு கலவரம். பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் புக்கானன் 1996-இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில் எழுதினார்: தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்று எந்த இயற்பியலாளரும் சொல்லமாட்டார், அதேபோல் கூலி ஏறினால் வேலை கூடும் என்று எந்தப் பொருளாதார அறிஞரும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்பவர்களைப் படைகளின் பின்னால் போகும் விலைமாதரோடு ஒப்பிடும் அளவுக்குப் போனார். டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் அதே வட்டாரத்துக் கடைகளின் சம்பளப் பட்டியல்களை வைத்து மறுபடி கணக்கிட்டு, வேலை குறைந்தது என்றார்கள். அந்தப் பட்டியல்களில் ஒரு பகுதியை முதலில் சேகரித்தது உணவகத் துறையோடு தொடர்புள்ள ஓர் அமைப்பு என்று எதிர்ப்புக் கிளம்பியது. கார்டும் க்ரூகரும் அரசின் தரவை எடுத்துவந்து 2000-இல் பதில் சொன்னார்கள். பின்னாளில் கார்ட் ஒரு பேட்டியில், இந்த ஆய்வால் தனக்குப் பல நண்பர்கள் இல்லாமல் போனார்கள், அதனால்தான் அந்தத் தலைப்பை விட்டே விலகினேன் என்கிற பொருளில் பேசினார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் செய்தது ஒன்றுதான். நீ ஒரு பருக்கையைக் காட்டு, நான் ஒரு பருக்கையைக் காட்டுகிறேன். அது வெந்தது, இது வேகாதது. இப்படியே நூறு வருஷம் சண்டை போடலாம். இதை உடைக்க வேறு ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழி பொருளாதாரத்துக்கு வெளியே ஏற்கெனவே இருந்தது.

3

இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கே குண்டடிபட்டு இறந்த பிரிட்டிஷ் வீரர்களைவிட நோயில் இறந்தவர்கள் அதிகம். நோய்களில் முதன்மையானது டைபாய்டு. அல்ம்ரோத் ரைட் என்ற மருத்துவர் டைபாய்டுக்கு ஊசி கண்டுபிடித்து, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த வீரர்கள் பலருக்குப் போட்டிருந்தார். பலன் உண்டா இல்லையா? ஒவ்வொரு படைப்பிரிவின் கணக்கும் ஒவ்வொன்று சொன்னது. அந்தக் கணக்குகளை எல்லாம் புள்ளியியலின் தந்தைகளில் ஒருவரான கார்ல் பியர்சனிடம் கொடுத்தார்கள். அவர் 1904-இல் செய்தது இன்று எளிமையாகத் தெரியலாம். ஒவ்வொரு பிரிவிலும் ஊசிக்கும் நோய்த்தடுப்புக்கும் இடையிலான தொடர்பை எண்ணாக்கி, அந்த எண்களை ஒன்றுசேர்த்துச் சராசரி எடுத்தார். சிதறிக் கிடக்கும் பல ஆய்வுகளை ஒரே தராசில் வைத்த மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. அவருடைய தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த முறைக்குப் பெயர் வந்தது 1976-இல். ஜீன் கிளாஸ் என்ற கல்வியியல் ஆய்வாளர் ‘மெட்டா-அனாலிசிஸ்’ என்று பெயர் வைத்தார். ஆய்வுகளைப் பற்றிய ஆய்வு, தொகுப்பாய்வு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அவரைத் தூண்டியது ஒரு கோபம். மனநலச் சிகிச்சையால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் பல வருஷமாகச் சொல்லிவந்தார். கிளாஸ் தானே அந்தச் சிகிச்சை பெற்றவர். மேரி லீ ஸ்மித்தோடு சேர்ந்து 375 ஆய்வுகளைத் திரட்டி, சராசரியில் சிகிச்சை பயன் தருகிறது என்று 1977-இல் காட்டினார். ஐசென்க் இதை மகா முட்டாள்தனம் என்கிற அளவுக்குத் திட்டினார். தராசு தூக்கியவருக்கும் ஒரு கட்சி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது பிற்பாடு தேவைப்படும்.

1979-இல் ராபர்ட் ரோசென்தால் இன்னொரு பிரச்சினையைச் சுட்டிக்காட்டினார். நாம் திரட்டும் ஆய்வுகள் எல்லாம் அச்சானவை. அச்சாகாதவை எங்கே? ஆய்வாளரின் மேஜை இழுப்பறையில். எதுவும் கண்டுபிடிக்காத ஆய்வை எந்த இதழ் போடும்? எழுதினவருக்கே அனுப்ப மனசு வராது. ஆக, ஜெயித்த கதைகள் மட்டும் வெளியே வரும், தோற்றவை உள்ளே தூங்கும். வெளியே வந்ததை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் தப்பு குறையாது, கூடும்.

4

பொருளாதாரத்துக்குள் இந்தக் கருவி 1989-இல் முறையாக நுழைந்தது. டாம் ஸ்டான்லி, ஸ்டீபன் ஜாரெல் இருவரும், ஆய்வு முடிவுகள் ஏன் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன என்பதையே ஒரு கணக்காகப் போடலாம் என்று வழிகாட்டினார்கள். எந்த வருஷத் தரவு, எத்தனை பேர், எந்த முறை என்று எல்லாவற்றையும் காரணிகளாக வைத்து முடிவுகளை அளப்பது.

குறைந்தபட்ச ஊதியத்தில் இதன் முதல் அடி யாரிடமிருந்து வந்தது தெரியுமா? அதே கார்ட், க்ரூகரிடமிருந்துதான். 1995-இல் அவர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். நியூ ஜெர்சிக் கட்டுரை அளவுக்குப் புகழ் பெறாதது. என்னைக் கேட்டால் அதைவிட அழகானது.

ஒரு மதிப்பீட்டை அதன் திட்டப் பிழையால் வகுத்தால் வரும் எண்ணை டி-விகிதம் என்பார்கள். அது சுமார் 2-ஐத் தாண்டினால், இது வெறும் தற்செயல் இல்லை என்று இதழ்கள் ஏற்றுக்கொள்ளும். 2 என்பது கிட்டத்தட்ட டோல்கேட் மாதிரி. இப்போது எளிய தர்க்கம் ஒன்று. உண்மையான விளைவு ஒன்று இருக்கிறது, அது மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். தரவு கூடக்கூடப் பிழை குறையவேண்டும், டி-விகிதம் ஏறவேண்டும். தரவு நாலு மடங்கானால் டி-விகிதம் சுமார் இரண்டு மடங்காகவேண்டும். பழைய காலத்தொடர் ஆய்வுகள் 15-ஐ அவர்கள் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பிற்பாடு வந்தவற்றுக்கு அதிக வருஷத் தரவு கைவசம் இருந்தது. டி-விகிதம் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. சொல்லப்போனால் இறங்கியிருந்தது. தரவு எவ்வளவு என்றாலும் பலவும் அந்த டோல்கேட்டை ஒட்டியே நின்றன.

இதற்கு என்ன அர்த்தம்? உண்மையான விளைவே காலப்போக்கில் குறைந்திருக்கலாம். அதுவும் ஒரு விளக்கம்தான். ஆனால் இன்னொரு விளக்கம் கூடுதலாகப் பொருந்தியது. ஆய்வாளர்கள் ஒரு கணக்கைப் பல விதமாகப் போட்டுப் பார்த்து, 2-ஐத் தொட்டதும் நிறுத்தியிருக்கிறார்கள். இதழ்களும் அப்படிப்பட்டவற்றையே போட்டிருக்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. ‘புக்கில் இருக்கிற’ விடை வந்ததும், சரி, கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடி வைத்திருக்கிறார்கள். நானும் பரீட்சையில் அப்படித்தான் செய்வேன். விடை பொருந்தாவிட்டால்தான் வழியைத் திரும்பப் பார்ப்பேன்.

முழுக் கணக்கு வர இன்னும் 14 வருஷம் ஆனது. 2009-இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் டூகூலியாகோஸும், முன்பு சொன்ன ஸ்டான்லியும் அமெரிக்கா பற்றிய 64 ஆய்வுகளிலிருந்து 1,474 மதிப்பீடுகளை எடுத்து ஒரே படத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். கிடையச்சில் விளைவு எவ்வளவு என்பது. செங்குத்து அச்சில் அந்த மதிப்பீடு எவ்வளவு துல்லியம் என்பது.

இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கவிழ்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். துல்லியமான ஆய்வுகள் மேலே, குறுகலான மூக்கில். ஏனென்றால் அவை ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லும். துல்லியமற்றவை கீழே, அகன்ற வாயில். ஏனென்றால் அவை குத்துமதிப்பாக இரண்டு பக்கமும் சிதறும். முக்கியமானது இந்தச் சிதறல். தவறு நேர்மையான தவறாக இருந்தால் இடமும் வலமும் சமமாக விழவேண்டும். ஒரு பக்கம் நிறைந்தும் இன்னொரு பக்கம் காலியாகவும் இருந்தால், காலியான பக்கத்து ஆய்வுகள் எங்கோ இழுப்பறையில் இருக்கின்றன என்று பொருள்.

அவர்கள் படத்தில் புனல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. குறைந்தபட்ச ஊதியம் வேலையைக் குறைக்கும் என்று சொல்லும் பக்கம் புள்ளிகள் குவிந்திருந்தன. மேலே, மிகத் துல்லியமான ஆய்வுகள் நெருங்கி நின்ற மூக்கிலோ, விளைவு கிட்டத்தட்டச் சுழியம். அந்தச் சரிவைக் கணக்கில் எடுத்துத் திருத்தியபின் வேலைவாய்ப்பின் மீது பெரிய பாதிப்பு எதுவும் மிஞ்சவில்லை. இருந்தாலும் கொள்கை வகுக்கும்போது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சின்னது என்றார்கள். ஒரு தலைமுறை மாணவர்களுக்கு உண்மையாகச் சொல்லித்தந்த அந்த 1 முதல் 3 சதவீதத்தில் பெரும்பகுதி, தேர்வு செய்து அச்சிட்டதால் வந்த வீக்கம்.

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அப்பா ஜெயித்தார், புத்தகம் தோற்றது. ஆனால் கதை அப்படி முடியவில்லை.

2022-இல் நியூமார்க், பீட்டர் ஷெர்லி இருவரும் 1992-க்குப் பின் வந்த அமெரிக்க ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வோர் ஆய்வாளரும் தன் முக்கிய மதிப்பீடாக எதைக் கருதுகிறார் என்று பார்த்தார்கள். சுமார் 80 சதவீத ஆய்வுகள் வேலை குறைவதாகத்தான் சொல்கின்றன என்றார்கள். மறுபக்கம் 2019-இல் டோருக் செங்கிஸ், அரிந்தரஜித் தூபே, அட்டிலா லிண்ட்னர், பென் சிப்பரர் ஆகியோர் அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 ஊதிய உயர்வுகளை ஆராய்ந்து, புதிய வரம்புக்குக் கீழே மறைந்த வேலைகளும் வரம்பிலும் அதற்குச் சற்று மேலும் புதிதாகத் தோன்றிய வேலைகளும் கிட்டத்தட்டச் சமம் என்று காட்டினார்கள்.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது? ஒன்று எண்ணுகிறது, மற்றொன்று எடைபோடுகிறது. நூறு பேரில் 80 பேர் கைதூக்கினார்கள் என்பது ஒரு தகவல். அந்த 80 பேர் எவ்வளவு தெளிவாகப் பார்த்தார்கள், கைதூக்காமல் இருந்தவர்களை அறைக்குள் விட்டார்களா என்பது வேறு தகவல். ஆனால் எடைபோடுவதிலும் தராசைப் பிடிப்பவரின் கை உண்டு. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, பதின்ம வயதினரையும் ஓட்டல் தொழிலாளர்களையும் ஒரே கூடையில் போடலாமா என்பதையெல்லாம் ஒரு மனிதர்தான் முடிவுசெய்கிறார். மட்டமான ஆய்வுகள் நூறைக் கூட்டினாலும் ஒரு நல்ல ஆய்வு ஆகாது.

இது ஒரு தலைப்போடு நிற்கும் நோயும் இல்லை. 2017-இல் ஜான் ஐயோனிடிஸ், ஸ்டான்லி, டூகூலியாகோஸ் மூவரும் பொருளாதாரத்தின் 159 ஆய்வுத் தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 6,700 ஆய்வுகள், 64,000-க்கு மேற்பட்ட மதிப்பீடுகள். உண்மையில் ஒரு விளைவு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறன் எவ்வளவு என்று பார்த்தார்கள். இடைநிலை மதிப்பு 18 சதவீதம்தான். அச்சான விளைவுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஊதிப் பெருத்தவை. வழக்கமாக இரண்டு மடங்கு, மூன்றில் ஒரு பங்கு நான்கு மடங்கோ அதற்கு மேலோ.

நமக்குப் பக்கத்து உதாரணம் குறுங்கடன். ஏழைப் பெண்களுக்குச் சின்னக் கடன் கொடுத்தால் தொழில் தொடங்கி வறுமையிலிருந்து மீள்வார்கள் என்ற நம்பிக்கைக்கு 2006-இல் முகமது யூனுஸும் கிராமீன் வங்கியும் பெற்ற அமைதி நோபல் ஒரு கிரீடம். நான்கே வருஷத்தில், 2010-இல், ஆந்திராவில் கடன் வசூல் கொடுமைகளும் தற்கொலைச் செய்திகளும் வந்து அரசு அவசரச் சட்டம் போட்டது. ஒரு தரப்பு மீண்டுவந்த பெண்ணைக் காட்டியது, மறுதரப்பு தூக்கில் தொங்கிய பெண்ணைக் காட்டியது. மறுபடியும் பருக்கைச் சண்டை. ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடந்த பரிசோதனை உட்பட, ஏழு நாடுகளின் ஏழு பரிசோதனைகளை ரேச்சல் மீகர் என்ற ஆய்வாளர் 2019-இல் ஒன்றாக ஆராய்ந்தார். சராசரி விளைவு மிகச் சின்னது, சுழியத்துக்குப் பக்கம். சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. ஏற்கெனவே தொழில் வைத்திருந்த குடும்பங்களில் மட்டும் பலன் வீட்டுக்கு வீடு பெரிதாக வேறுபட்டது. பெரிய தலைப்புச் செய்தி ஆகாத பதில். ஆனால் இரண்டு தரப்பும் கத்திச் சொன்னதைவிடப் பயனுள்ள பதில்.

6

பியர்சனின் தீர்ப்பைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. 1904-இல் அவர், எண்கள் படைக்குப் படை மிகவும் மாறுபடுகின்றன, தொடர்பு பலவீனமாக இருக்கிறது, இதை வைத்து எல்லோருக்கும் ஊசி போடச் சொல்ல முடியாது என்றார். ரைட்டுக்கு ஆத்திரம். இருவரும் மருத்துவ இதழின் பக்கங்களில் மோதிக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் பெரும்பாலோர் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டார்கள். போயர் யுத்தத்தில் நடந்த பேரழிவு திரும்ப நடக்கவில்லை. ஊசி வேலை செய்தது.

அப்படியென்றால் பியர்சன் தோற்றாரா? நான் அப்படி நினைக்கவில்லை. ஊசி பயனற்றது என்று அவர் முடிவுகட்டவில்லை. முன்வரும் வீரர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போட்டு முறையாகப் பரிசோதியுங்கள் என்றார். யார் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்கிறார்களோ அவர்கள் ஏற்கெனவே எச்சரிக்கையானவர்களாக இருக்கலாம், அதனால் கணக்கு குழம்பலாம் என்பது அவர் சந்தேகம். கைவசம் இருந்தது எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் சொன்னார். தொகுப்பாய்வு தீர்ப்பு எழுதும் நீதிபதி இல்லை. சாட்சிகள் எவ்வளவு நம்பத்தக்கவர்கள் என்று குறித்துவைக்கும் குமாஸ்தா. நீதிபதிக்கு அவர் இல்லாமல் முடியாது.

கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. க்ரூகர் 2019-இலேயே இறந்துவிட்டார். லெஸ்டரின் பெயர் இப்போது மறுபடி அடிக்குறிப்புகளில் வருகிறது. கல்லூரியில் அந்தப் படம் இன்னமும் பத்து மார்க்குக்கு வந்துகொண்டிருக்கலாம். வரட்டும், படத்தில் தப்பில்லை. அது ஒரு சாத்தியம். அதையே ஊர் நடப்பு என்று எடுத்துக்கொண்டதில்தான் தப்பு.

கடைசியாக என் வடைக் கதைக்கு வருகிறேன். அதை இத்தனை வருஷமும் பாதியில்தான் நிறுத்திவந்திருக்கிறேன். அப்பா யாரையும் நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த வருஷம், மாவாட்ட வந்துகொண்டிருந்த அக்கா மகள் பிரசவத்துக்காகத் தானே நின்றுகொண்டார். அவருக்குப் பதில் அப்பா ஆள் தேடவில்லை. பழைய கிரைண்டரைக் கொடுத்துவிட்டு, மாவை அப்படியே சாய்த்து ஊற்றும் பெரிய டில்ட்டிங் கிரைண்டர் ஒன்றைத் தவணையில் வாங்கினார். நாலு பேர் பார்த்த வேலையை மூணு பேர் பார்த்தார்கள். சம்பளம் ஏறியதால்தான் வாங்கினாரா, ஆட்டுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று வாங்கினாரா, விலை சல்லிசாக வந்ததால் வாங்கினாரா? அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்க அப்பா இல்லை.

எந்த விவாதத்திலும் நான் கிரைண்டரைச் சொன்னதில்லை. பொய் சொல்லவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. வடை கதைக்குப் பொருந்தியது, கிரைண்டர் பொருந்தவில்லை. அவ்வளவுதான். அந்த 15 ஆய்வுகளை எழுதியவர்களும் இப்படித்தான் பேனாவை மூடியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.